இருமுறை படித்த தாள்

ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம் 13 நிலைகளும் 236 அடி உயரமுமாக 1987-ஆம் ஆண்டில் நிறைவு பெறுவதற்கு முன்னால், அடித்தளத்தோடு நின்றுபோயிருந்த அதனை ஊரார் மொட்டைக் கோபுரம் என்று அழைத்துவந்த காலத்தில், அதற்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு மாடியறையில், பதினொரு இயந்திரங்களை வைத்துக்கொண்டு என் ஆசிரியர் ஒரு தட்டச்சுப் பள்ளி நடத்திவந்தார். காலை ஆறு மணிக்குத் திறந்தால் இரவு ஒன்பது மணி வரையில் அந்த அறையில் ஓசை ஓயாது. புதிதாகச் சேர்ந்தவன் ‘ஏ எஸ் டி எஃப் ஜி எஃப்’ என்று ஒவ்வோர் எழுத்தாகத் தடவித் தடவி அடிப்பதும், ‘ஹையர்’ பரீட்சைக்குப் போகிறவன் ஓட்டின்மேல் மழை பெய்வதுபோல் விடாமல் அடிப்பதும் மாடிப்படியில் கால் வைக்கும்போதே தனித்தனியாகக் காதில் விழும். அந்தப் படியில் நான் 1964-ஆம் ஆண்டு, என் பதினைந்தாம் வயதில், சம்பளம் கட்டிப் படிக்கும் வித்தியார்த்தியாக அல்லாமல், சம்பளம் வாங்கி வேலை செய்யும் பையனாக ஏறினேன். பத்து ஆண்டுகளுக்குப் பின் ஆசிரியர் காலமானபோது பள்ளியை நடத்தும் பொறுப்பு என்னிடமே வந்து சேர்ந்தது. இன்று அது மூன்று இயந்திரங்களும் ஒரு கம்ப்யூட்டருமாகச் சுருங்கிவிட்டபோதிலும் அந்த மாடியை விட்டு நான் இறங்கவில்லை.

சென்ற சில ஆண்டுகளாக அந்த மாடிக்கு ஒரு புதுவிதமான கேள்வி ஏறி வருகிறது. பிளஸ் ஒன், பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகளை முன்னால் நிறுத்திக்கொண்டு, “சார், காலேஜ் அப்ளிகேஷனில் போட்டால் எடுப்பாக இருக்கிற மாதிரி ஏதாவது ஒரு பார்ட்-டைம் வேலை சொல்லுங்களேன்” என்று பெற்றோர்கள் கேட்கிறார்கள். பள்ளிப் பருவத்தில் வேலைக்குப் போவது குடும்பத்தின் வறுமையைக் காட்டிக்கொடுக்கும் அவமானம் என்று எண்ணி, எதிரில் தெரிந்தவர் வந்தால் நான் சந்துக்குள் நுழைந்துகொண்ட காலம் ஒன்று இருந்தது. அதே காரியம் இன்று விண்ணப்பத்தில் பொறிக்கத்தக்க ஆபரணமாகிவிட்டதைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பும் வருகிறது, ஒரு வகையில் திருப்தியும் உண்டாகிறது. கல்லூரி விண்ணப்பங்களை ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பிறருக்காகத் தட்டச்சு செய்து ஜீவனம் நடத்தியவன் என்ற முறையிலும், என்னிடம் வேலை செய்த பிள்ளைகளுக்கு நற்சான்று எழுதிக் கொடுத்தவன் என்ற முறையிலும் அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் உண்டு. ஆனால் அதைச் சொல்லுவதற்கு முன் ஓர் உண்மையை ஒளிக்காமல் சொல்லிவிடுவதுதான் முறை.

நம் மாகாணத்தில் பொறியியல் கல்லூரியில் சேருகிறவனுக்கு எந்த வேலையும் ஒரு மதிப்பெண்ணைக்கூடக் கூட்டித் தராது. கணிதத்துக்கு 100, பௌதிகத்துக்கு 50, ரசாயனத்துக்கு 50 என்று 200-க்குக் கணக்கிட்டு வரிசைப்படுத்தும் கலந்தாய்வில், விளையாட்டு வீரர் போன்ற சில பிரிவினருக்குத் தனி ஒதுக்கீடு உண்டே தவிர, விடியற்காலையில் பத்திரிகை போட்டவனுக்கும் மாலையில் கடையில் கணக்கு எழுதியவனுக்கும் அங்கே ஒரு கட்டமும் கிடையாது. மருத்துவத்துக்கு நீட் ஒன்றே வாசல். இப்படி மதிப்பெண்ணே சகலமும் என்று ஆனதற்கும் ஒரு சரித்திரம் உண்டு. நான் இளைஞனாக இருந்த நாட்களில் மருத்துவக் கல்லூரித் தேர்வுக்கு நேர்முகம் இருந்தது. அதற்கு 75 மதிப்பெண்கள். விளையாட்டு அல்லது என்.சி.சி., பாடத்துக்குப் புறம்பான விசேஷ சேவைகள், உடல்வலிமை, பொது அறிவாற்றல், அத்துறைக்குரிய நாட்டம் என்று ஐந்து தலைப்புகளில் அவற்றை இட வேண்டும் என்பது விதி. தலைப்புவாரியாகப் பிரித்து இடாமல் மொத்தமாக ஓர் எண்ணைப் போட்டுவிட்டார்கள் என்ற விவகாரம் 1970-ஆம் ஆண்டில் பெரியகருப்பன் வழக்கு என்ற பெயரில் சுப்ரீம் கோர்ட்டு வரையில் சென்று, அவ்வாறு இட்டது முறையன்று என்று தீர்ப்பாயிற்று. நேர்முகத்தின்மேல் ஜனங்களுக்கு நம்பிக்கை குறைந்து, 1984-இல் நுழைவுத்தேர்வு வந்து, பின்னர் அதுவும் போய், பொறியியலுக்குப் பிளஸ் டூ மதிப்பெண் மாத்திரம் எஞ்சியது. மனிதரைப் பார்த்து மதிப்பிடுவதில் பட்சபாதம் நுழையும் என்ற அச்சம் நியாயமானதே. அதற்கு நாம் கொடுத்த விலை, விண்ணப்பத்தில் மனிதன் தெரியாமல் போனது.

கடல் கடந்த கல்லூரிகளிலும், நம் நாட்டிலேயே நேர்முகம் வைத்துச் சேர்த்துக்கொள்ளும் சில சர்வகலாசாலைகளிலும் நிலைமை வேறு. அமெரிக்காவில் பல நூறு கல்லூரிகளுக்குப் பொதுவாக ‘காமன் ஆப்’ என்று ஒரு விண்ணப்பம் இருக்கிறது. வகுப்புக்கு வெளியே மாணவன் என்னென்ன செய்தான் என்பதற்கு அதில் பத்து இடங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். ஒவ்வொன்றையும் 150 எழுத்துக்குள் விவரித்து, வாரத்துக்கு எத்தனை மணி, வருஷத்துக்கு எத்தனை வாரம் என்றும் குறிக்க வேண்டும். சம்பளத்துக்குச் செய்த வேலை அதில் ஒரு வகை. தம்பி தங்கையைக் கவனித்துக்கொண்டது போன்ற குடும்பப் பொறுப்பும் ஒரு வகை. ஆகவே கேள்வி கேட்கிற பெற்றோரைக் குறை சொல்ல நான் யார்? எந்த வேலை என்பதில்தான் அவர்களுக்கும் எனக்கும் அபிப்பிராய பேதம்.

என் கதையைச் சொன்னால் என் பதிலுக்குக் காரணம் விளங்கும்.

மாதம் ஐந்து ரூபாய் சம்பளமும், நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் இலவசமாக இயந்திரத்தில் பழகும் சலுகையும் என்பதுதான் எனக்கும் ஆசிரியருக்கும் ஏற்பட்ட ஒப்பந்தம். விடியற்காலையில் பெருக்கி, இயந்திரங்களின் உறைகளைக் கழற்றி மடித்துவைத்து, பெட்ரோலில் தோய்த்த பிரஷ்ஷால் அச்செழுத்துகளைத் தேய்த்துத் துடைப்பது முதல் வேலை. ரிப்பனிலிருந்து உதிரும் நூல்துகளும் மையும் சேர்ந்து, வயிறுள்ள எழுத்துகளான ஏ, ஈ, ஓ ஆகியவற்றின் உட்குழிவை அடைத்துக்கொள்ளும். அப்போது தாளில் விழும் எழுத்து கண் மூடிய பொம்மைபோல் இருக்கும். அந்த அடைப்பைக் குண்டூசியின் நுனியால் மெதுவாகக் கிளறி எடுக்க வேண்டும். சற்று அழுத்திவிட்டால் எழுத்தின் உலோகம் கீறிப்போகும். ஆறு ரெமிங்டன், மூன்று ஹால்டா, 1955 முதல் நம் நாட்டிலேயே செய்யப்பட்டுவந்த கோத்ரெஜ் இரண்டு என்று அந்தப் பதினொன்றின் குணத்தையும் நான் பாடம் கற்பதற்கு முன்பே என் விரல்கள் கற்றுக்கொண்டன. சில பழைய இயந்திரங்களில் ஒன்று என்னும் இலக்கத்துக்கு விசையே கிடையாது. சிறிய ‘எல்’ எழுத்தை அடித்துவிட்டு அதையே ஒன்று என்று பாவித்துக்கொள்ள வேண்டும்.

ஆறு மாதத்தில் ‘லோயர்’ பரீட்சைக்குரிய நிமிடத்துக்கு முப்பது வார்த்தை என்ற வேகம் எனக்கு வந்துவிட்டது. பிப்ரவரியிலும் ஆகஸ்டிலுமாக ஆண்டுக்கு இருமுறை நடக்கும் அந்த அரசாங்கப் பரீட்சையில் முதல் வகுப்பில் தேறியதும், ஆசிரியர் என்னை ‘ஜாப் டைப்பிங்’ மேஜைக்கு மாற்றினார். வெளியார் கொண்டுவரும் விண்ணப்பங்கள், கடிதங்கள், பத்திரங்களின் நகல்கள் ஆகியவற்றைப் பக்கத்துக்கு இத்தனை காசு என்று அடித்துக் கொடுக்கும் இடம் அது. மே, ஜூன் மாதங்களில் எஸ்.எஸ்.எல்.சி. முடிவு வெளியானதும் அந்த மேஜையைச் சுற்றிக் கூட்டம் நெருக்கும். செயின்ட் ஜோசப், நேஷனல், ஜமால் முகமது, பெண்களுக்கு ஹோலி கிராஸ், சீதாலட்சுமி ராமஸ்வாமி என்று காவிரிக்கு அக்கரையில் இருந்த கல்லூரிகளின் பி.யு.சி. என்ற புகுமுக வகுப்புக்கு விண்ணப்பிக்க வருகிறவர்கள், கையெழுத்து மோசமாக இருந்தால் இடம் போய்விடும் என்று பயந்து எங்களிடம் வருவார்கள். நான் அப்போது பதினாறு வயதுப் பையன். எனக்கு ஒரு வயது மூத்தவர்களுடைய எதிர்காலமெல்லாம் என் விரல் வழியாகத்தான் கல்லூரிக்குப் போகிறது என்ற கர்வம் எனக்கு இருந்தது. அது என் கையில் ஒப்படைக்கப்பட்ட பாரம் என்ற எண்ணம் இல்லை.

1965-ஆம் ஆண்டு அந்தக் கூட்டத்தில், கல்யாணங்களுக்குச் சமையல் செய்யும் ஒருவர் தம் மகனோடு வந்தார். கீழ உத்தர வீதியில் அவர்கள் குடித்தனம். விலாசத்தைச் சொல்லச் சொல்ல நான் தாளைப் பார்க்காமலே அடித்தேன். தட்டச்சு தெரிந்தவர்களுக்குத் தெரியும்: கிழக்கைக் குறிக்கும் ஆங்கில ‘ஈ’ இடக்கை நடுவிரலுக்கு உரியது, மேற்கைக் குறிக்கும் ‘டபிள்யூ’ அதற்கு ஒட்டினாற்போல் மோதிர விரலுக்கு உரியது. நடுவிரல் இறங்க வேண்டிய இடத்தில் மோதிர விரல் இறங்கிற்று. கீழ உத்தர வீதி மேல உத்தர வீதியாயிற்று. ஸ்ரீரங்கத்தின் வீதிகள் கோயிலைச் சுற்றிச் சதுரம் சதுரமாக அமைந்தவை. உத்தர வீதிக்கும் சித்திரை வீதிக்கும் அடையவளஞ்சானுக்கும் கிழக்கு, மேற்கு, தெற்கு, வடக்கு என்று நான்கு பக்கமும் உண்டு. அந்த ஒரு திசையெழுத்து மாறினால், முழுக் கோயிலும் குறுக்கே வந்து நின்றுவிடும்.

மேல உத்தர வீதியிலும் அதே இலக்கத்தில் ஒரு வீடு இருந்தது. அந்த வீட்டார் கும்பகோணத்துக்குப் போயிருந்தார்கள். கல்லூரியிலிருந்து வந்த நேர்முக அட்டையைத் தபால்காரர் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போனார். அவர்கள் ஊரிலிருந்து திரும்பி, அட்டையில் இருந்த பெயரை நாலு பேரிடம் விசாரித்து, கோயிலைச் சுற்றிக்கொண்டு வந்து கொடுத்தபோது நேர்முகத் தேதி கடந்து இரண்டு நாளாகியிருந்தது.

சமையற்காரர் சண்டை போட வரவில்லை. என்ன நடந்தது என்று கேட்க வந்தார். ஆசிரியர் கோப்பிலிருந்து கார்பன் நகலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அந்த நகலில் ‘டபிள்யூ’ அழுத்தமாகவே விழுந்திருந்தது. அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்துத் தலை குனிந்து நின்றேன். அவரோ கடையைப் பாதியில் மூடிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, “வா, கிளம்பு” என்று மாத்திரம் சொன்னார். முதலில் அந்தப் பையனின் வீட்டுக்குப் போனோம். வாசலிலேயே நான் நின்றுவிட, ஆசிரியர், “தப்புப் பண்ணினவன் இவன், இவனே சொல்லட்டும்” என்றார். நான் சொன்னேன். உள்ளேயிருந்து வந்த அந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “குழந்தை காலையிலிருந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டான்போல இருக்கு” என்று ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அன்று அவள் நாலு வார்த்தை வைதிருந்தால் அந்தக் கணக்கு அத்தோடு தீர்ந்துபோயிருக்கும். அந்த மோர் இன்னும் என் தொண்டையில் நிற்கிறது.

பிறகு நாங்கள் நால்வரும் 1-ஆம் நம்பர் பஸ்ஸில் ஏறிக் காவிரிப் பாலத்தைக் கடந்து கல்லூரிக்குப் போனோம். ஆசிரியர் கார்பன் நகலைக் காரியாலயத்தில் காட்டி, பிழை தம்முடைய ஸ்தாபனத்தைச் சேர்ந்தது என்று எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தார். அவர்கள் இரக்கம் காட்டி இரண்டாவது பட்டியலில் பையனுக்கு இடம் கொடுத்தார்கள். ஆனால் அவன் கேட்டிருந்த இயற்கை விஞ்ஞானப் பிரிவு அதற்குள் நிரம்பிவிட்டது. கணிதப் பிரிவில்தான் இடம் இருந்தது. டாக்டராக வேண்டும் என்று அவன் நினைத்திருந்தான். பிற்காலத்தில் அவன் நல்ல உத்தியோகத்தில் அமர்ந்து சௌக்கியமாகவே இருந்தான். என்னைக் கண்டால் முகம் மலர்ந்து பேசுவான். இருந்தாலும் அவன் எந்த வழியில் போயிருக்க வேண்டியவனோ அந்த வழியை என் மோதிர விரல் அடைத்துவிட்டது என்பதை நானும் மறந்ததில்லை, அவனும் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை.

மறு ஆண்டு நானே பி.யு.சி.க்கு விண்ணப்பித்தேன். பேச்சுப் போட்டியில் வாங்கிய சான்றிதழ் ஒன்றும், தலைமையாசிரியர் கொடுத்த நன்னடத்தைச் சான்றிதழும் என்னிடம் இருந்தன. ஆசிரியர் தாமும் ஒன்று தருவதாகச் சொல்லி, தம் கையாலேயே மூன்று வாக்கியங்களைத் தட்டச்சு செய்து கொடுத்தார். இவன் என்னிடம் இரண்டு வருஷம் வேலை செய்தான் என்பது முதல் வாக்கியம். ஒரு பெரிய பிழை செய்து, அதை மறைக்காமல் பாதிக்கப்பட்டவரிடம் சென்று ஒப்புக்கொண்டான் என்பது இரண்டாவது. அன்று முதல், தான் அடித்த தாளை இருமுறை படிக்காமல் இவன் யாரிடமும் கொடுத்ததில்லை என்பது மூன்றாவது. ‘நேர்மையான’, ‘கடின உழைப்பாளியான’, ‘சிறந்த’ என்ற அடைமொழிகளில் ஒன்றுகூட அதில் இல்லாததைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிழை செய்தவன் என்று எழுத்திலேயே கொடுத்துவிட்டாரே என்று இரவெல்லாம் புரண்டேன். நேர்முகத்தில் என் எதிரே அமர்ந்திருந்த பெரியவர், மற்ற இரண்டு சான்றுகளையும் புரட்டித் தள்ளிவிட்டு, அந்தத் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு, “அது என்னப்பா பிழை?” என்று கேட்டார். உத்தர வீதியின் கதையைச் சொன்னேன். அவர் ஒன்றும் அபிப்பிராயம் சொல்லவில்லை; “இப்போதும் இருமுறை படிக்கிறாயா?” என்றார். “படிக்கிறேன், ஃபாதர்” என்றேன். எனக்கு இடம் கிடைத்ததற்கு என் மதிப்பெண்களே காரணம். அந்தச் சான்றினால் கிடைத்தது என்று கதை கட்ட எனக்கு உரிமையில்லை. ஆயினும், அந்த அறையில் என்னைப் பற்றி விசாரித்த ஒரே கேள்வி அந்தத் தாளிலிருந்துதான் பிறந்தது.

இந்த அனுபவத்திலிருந்துதான், வேலை தேடி வரும் பிள்ளைகளிடம் கேட்பதற்கு எனக்கு ஒரே ஒரு கேள்வி கிடைத்தது: “நீ ஒருநாள் போகாவிட்டால் அங்கே எது நிற்கும்?” சம்பளம் எவ்வளவு, ஸ்தாபனத்தின் பெயர் பெரியதா, குளிர்சாதன அறையா என்பவையெல்லாம் அதற்குப் பின்னால்தான். பிறருடைய காரியம் ஒன்று உன் கையை நம்பி நிற்குமானால் அது வேலை. நீ வந்தாலும் வராவிட்டாலும் ஒன்றுபோலவே நடக்குமானால், அது எவ்வளவு பகட்டான பெயரைச் சூட்டிக்கொண்டாலும் வேடிக்கை பார்ப்பதுதான்.

திருச்சி ஜில்லாவாசிகள் அடிக்கடி எடுத்துக்காட்டும் ஒரு பெரியவரின் வரலாறும் இதையே சொல்லுகிறது. 1844-இல் நாகப்பட்டினத்தில் தோன்றி 1883-இல் திருச்சிக்கு வந்த செயின்ட் ஜோசப் கல்லூரியில் 1950-ஆம் ஆண்டு வந்து சேர்ந்தவர் அப்துல் கலாம். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, உலக யுத்த காலத்தில் ராமேஸ்வரத்தில் ரயில் நிற்பது ரத்தானபோது, ராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஓடும் ரயிலிலிருந்து வீசப்பட்ட பத்திரிகைக் கட்டுகளைப் பிடித்து எடுத்து, உறவினர் சம்சுதீனுக்கு உதவியாக இருந்ததுதான் அவருடைய முதல் சம்பாத்தியம் என்று அவரே எழுதியிருக்கிறார். கல்லூரியில் சேர அது உதவிற்றா என்று கேட்கிறவர்கள் கேள்வியைத் தவறவிட்டவர்கள். ஒரு பையன் ஒருநாள் தண்டவாளத்தின் அருகே போய் நிற்காவிட்டால், அன்று ஒரு தீவுக்கே உலகச் செய்தி கிடைக்காது என்பதுதான் அந்த வேலையின் விசேஷம்.

ஆசிரியருக்குப் பின் நான் பள்ளியை நடத்தத் தொடங்கிய நாள் முதல், ஆண்டுக்கு ஒரு பையனையோ பெண்ணையோ வேலைக்கு வைத்துக்கொள்ளும் சம்பிரதாயத்தைத் தொடர்ந்தேன். பதினான்கு வயதுக்குக் குறைந்தவர்களை வேலைக்கு வைப்பது இப்போது சட்டப்படி குற்றம். சட்டம் அவ்வாறு சொல்லாத காலத்திலும் எங்கள் மாடியில் அந்த வயதுக்குக் கீழே எவரையும் அமர்த்தியதில்லை. பள்ளி நாட்களில் மாலை ஒன்றரை மணி நேரம், விடுமுறையில் மூன்று மணி. தை பிறந்துவிட்டால் பரீட்சை முடியும் வரை வேலைக்கு வரவே கூடாது என்பது நான் விதித்த நிபந்தனை. படிப்பைத் தின்றுவிடும் வேலை எதுவாயினும், அது விண்ணப்பத்தில் எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும், கையிலிருக்கும் அரிசியை விற்று உலைமூடி வாங்கிய கதைதான். அவர்கள் ஒவ்வொருவரிடமும் நாற்பது பக்க நோட்டு ஒன்று கொடுத்து, தேதி, வந்த நேரம், போன நேரம், செய்த காரியம், செய்த பிழை ஆகியவற்றை எழுதச் சொல்லுவேன். முதல் மாதத்தில் பிழைக் கட்டம் காலியாக இருக்கும். மூன்றாவது மாதத்தில்தான் உண்மை எழுதத் துணிவு வரும். நற்சான்று கேட்டு வரும்போது அந்த நோட்டைத்தான் திறந்துவைத்துக்கொண்டு எழுதுவேன்; அதிலிருந்து ஒரு சம்பவம் எடுத்துச் சொன்னால் போதும், அடைமொழிகளுக்கு அவசியமே ஏற்படாது.

எங்கள் மாடி ஒன்றுதான் வேலை கற்கும் இடம் என்று நான் சொல்லவில்லை. மார்கழியில் பகல்பத்தும் இராப்பத்தும் நடக்கும் நாட்களில், லட்சக்கணக்கான ஜனங்கள் வந்து குவியும் வைகுண்ட ஏகாதசியின்போது, கோயில் வாசலில் செருப்புப் பாதுகாக்கும் இடத்தில் டோக்கன் கொடுத்த பையன் ஒருவன் என்னிடம் தட்டச்சு படித்தான். ஆயிரம் ஜோடிகளில் ஒரு ஜோடி மாறினாலும் வெறுங்காலோடு நிற்கும் பக்தருக்கு அவன்தான் பதில் சொல்ல வேண்டும். பெரிய கடை வீதியில் ஒரு மொத்த வியாபாரியிடம் மாலையில் பேரேடு எழுதியவன், பக்கத்து வீட்டுச் சிறுவர்கள் ஐந்து பேருக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்த பெண், மருந்துக் கடையில் பெட்டி அடுக்கியவன் ஆகிய எல்லோருக்கும் என் கேள்விக்குப் பதில் இருந்தது. பெயர் பெற்ற ஸ்தாபனத்தில் இரண்டு வாரம் மேஜை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டு வந்தவர்களுக்குத்தான் பதில் இல்லை.

வருத்தத்தோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒருநாள் வசதி படைத்த ஒரு தகப்பனார் வந்து, தம் மகன் ஓராண்டு என்னிடம் வேலை செய்ததாக என் பள்ளியின் தாளில் ஒரு சான்று வேண்டும் என்றார். பையன் என் மாடிப்படியை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறான். “நாலு வரிதானே சார், யாருக்கு என்ன நஷ்டம்?” என்றார். யாருக்கும் நஷ்டமில்லாத நாலு வரியை அடிப்பதற்கு என்னிடம் இயந்திரம் கிடையாது என்று சொல்லி அனுப்பினேன். பையன் படியிறங்கும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தான். ஒரு வாரம் கழித்து அவனே தனியாக வந்து, தட்டச்சுப் பழக எவ்வளவு கட்டணம் என்று கேட்டான், வந்தவனைச் சேர்த்துக்கொண்டேன்.

சென்ற ஐப்பசியில் திருவானைக்காவிலிருந்து பிளஸ் டூ படிக்கும் பெண் ஒருத்தி வந்தாள். தமிழ் ‘லோயர்’ பரீட்சைக்கு என்னிடம் படித்தவள். என்னைத் தாத்தா என்றுதான் அழைப்பாள். வெளிநாட்டுக் கல்லூரி ஒன்றுக்கு உதவித்தொகையோடு விண்ணப்பிக்கிறாளாம். கையில் ஒரு விளம்பரத் தாள்; பணம் கட்டினால் ஒரு மாதம் பயிற்சி கொடுத்துச் சான்றிதழும் தருகிறார்களாம். “இதில் சேரட்டுமா, தாத்தா? வேலை என்று போட எனக்கு வேறு ஒன்றுமே இல்லையே” என்றாள்.

“வீட்டில் அம்மா அப்பளம் போடுகிறாளே, அதில் உன் பங்கு என்ன?”

“அது வேலை இல்லையே. சும்மா ஆர்டர் எழுதிவைப்பேன். வாட்ஸ்அப்பில் வருவதைப் பார்த்து யார் யாருக்கு எத்தனை கட்டு என்று நோட்டில் ஏற்றுவேன். கடன் பாக்கியைக் கேட்டு மெசேஜ் போடுவேன். அவ்வளவுதான்.”

“அந்த விளம்பரக்காரனிடம் ஒருநாள் நீ போகாவிட்டால் அங்கே எது நிற்கும்?”

சற்று யோசித்துச் சிரித்தாள். “ஒன்றும் நிற்காது.”

“நீ ஒருநாள் உன் நோட்டைத் திறக்காவிட்டால்?”

“மறுநாள் காலையில் எத்தனை படி உளுந்து மாவு பிசைவது என்று அம்மாவுக்குத் தெரியாது. போன ஆடியில் எனக்குக் காய்ச்சல் வந்தபோது அப்படித்தான் ஆயிற்று, மாவு வீணாகிப்போயிற்று” என்று சொல்லிக்கொண்டே வந்தவள், பாதியில் நிறுத்திவிட்டாள். விளம்பரத் தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் அவளும் நானும் கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்தோம். 150 எழுத்து என்பது எங்கள் கணக்கில் அதிகமில்லை. பைகா எழுத்தில் ஓர் அங்குலத்துக்குப் பத்து விழும். ஆறரை அங்குல வரியில் அறுபத்தைந்து. ஆக இரண்டு வரிக்குச் சற்று மேல். தந்தி என்ற ஒன்று 2013-இல் நிறுத்தப்படும் வரை, ஒவ்வொரு வார்த்தைக்கும் காசு எண்ணித் தந்தி வாசகம் அமைத்துக் கொடுத்தவன் நான். எனக்கு அது தாராளமான இடம். அவள் முதலில் எழுதியதில் ‘நிர்வாகம்’, ‘தலைமை’, ‘தொழில் முனைவு’ என்று பெரிய சொற்கள் ஊர்வலம் போயின. அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றினோம். எத்தனை வீடுகளுக்கு அப்பளம் போகிறது, யார் கணக்கு வைப்பது, காய்ச்சலுக்குப் பின் அம்மாவும் பார்க்கும்படி நோட்டை எப்படி மாற்றி அமைத்தாள் என்ற விஷயங்கள் மாத்திரம் எஞ்சின. அவற்றுக்குப் பெரிய சொல் தேவைப்படவில்லை.

வாரத்துக்கு எத்தனை மணி என்ற கட்டத்தில் அவள் பத்து என்று அடித்திருந்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளுடைய நோட்டை அவள் பக்கமாகத் தள்ளினேன். விரல்விட்டு எண்ணினாள். பத்தை அழித்துவிட்டு ஆறு என்று அடித்தாள்.

“அனுப்புவதற்கு முன் இன்னொரு முறை படித்துவிடம்மா” என்றேன்.

“இரண்டு தடவை படித்துவிட்டேன், தாத்தா” என்றாள், “வீட்டு விலாசத்தை மூன்று தடவை.”